லெசன் பிளானில் இல்லாத பிள்ளைகள்

பி.எட். படிப்பில் உள்ளடங்கிய பள்ளியை உருவாக்குதல் என்று ஒரு தாள் உண்டு. பாலினம், பள்ளி, சமூகம் என்று இன்னொன்று. இரண்டிலும் தேறாதவர்களை நான் பார்த்ததில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அதில் 21 வகைக் குறைபாடுகள் என்று மனப்பாடமாக எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். இதெல்லாம் தெரிய வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னால் ஒரு பிள்ளைக்காக ஹெச்.எம். அறையில் நின்று பேச வேண்டி வரும்போது பிரிவு எண்ணோடு சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்புக்குள் முதல் பீரியடு போய் நிற்கிறபோது அந்தத் தாள் எதுவும் துணைக்கு வராது. கையில் இருப்பது, அன்றைய பீரியடை எப்படி நடத்துவது என்று முன்கூட்டியே எழுதி வைத்த லெசன் பிளான் ஒன்றுதான். அதை யாரை மனதில் வைத்து எழுதினோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் விழுப்புரம் மாவட்டத்துக்காரி. கணக்கில் பட்டம், அப்புறம் பி.எட்., இப்போது அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். டீச்சிங் பிராக்டிஸுக்கு வரும் பயிற்சி ஆசிரியர்களில் சிலர் வருஷா வருஷம் என் வகுப்புக்கும் வருகிறார்கள். அவர்களிடம் ஸ்டாஃப் ரூமிலும் பஸ் ஸ்டாப்பிலும் துண்டு துண்டாகச் சொல்வதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். எல்லாவற்றையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. பாதிக்கு மேல் என் வழிகாட்டி ஆசிரியையிடம் பார்த்துக் கற்றது. ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். பி.எட். காலத்தில் அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தது, கல்லூரியில் கேட்ட எந்த வகுப்பையும்விட எனக்கு உதவியிருக்கிறது.

லெசன் பிளானிலிருந்தே தொடங்குகிறேன். முதல் கட்டம் முன்னறிவைச் சோதித்தல். மூன்று கேள்வி எழுதுவோம், அவற்றுக்கு விடையையும் நாமே பக்கத்தில் எழுதிவிடுவோம். வகுப்பில் கேட்டதும் மூன்று பேர் டக்கென்று சொல்வார்கள். அப்சர்வேஷனுக்கு வந்த பேராசிரியர் தலையாட்டுவார், நாம் அடுத்த கட்டத்துக்குப் போவோம். சோதித்தது அந்த மூன்று பேரின் முன்னறிவைத்தான். மீதிப் பேர் பின்னங்களைக் கூட்டுவார்களா, எண்ணையாவது சரியாக வாசிப்பார்களா என்பது யாருக்கும் தெரியாமலே இயற்கணிதம் தொடங்கிவிடும்.

என் வழிகாட்டி ஆசிரியை வாய்மொழிக் கேள்வியே கேட்க மாட்டார். பழைய பரீட்சைத் தாளின் வெற்றுப் பக்கத்தை நாலாகக் கிழித்து ஆளுக்கொன்று கொடுப்பார். போர்டில் இரண்டே கணக்கு. பெயர் எழுத வேண்டாம், பெஞ்சு எண் மட்டும் போதும். ஐந்து நிமிஷத்தில் வாங்கி, மேசையில் மூன்று குவியலாகப் பிரிப்பார்: வந்தது, பாதி வந்தது, வரவே இல்லை. மூன்றாவது குவியல் பெரிதாக இருந்தால் அன்றைய பாடத்தை ஓரமாக வைத்துவிடுவார். "போர்ஷன் முடிச்சி என்னம்மா பண்ணப் போற, நீ முடிச்சத அவன் ஆரம்பிக்கவே இல்லயே" என்பார். நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். பயிற்சி ஆசிரியர்களிடம் ரெக்கார்டு நோட்டில் மூன்று கேள்வியை வழக்கம்போல் எழுதிக்கொள்ளச் சொல்வேன், மதிப்பெண் போடுகிறவர் அதைத்தானே பார்ப்பார். வகுப்பில் சீட்டு முறையைச் செய்யச் சொல்வேன். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

அடுத்தது, யாரைக் கேட்கிறோம் என்பது. வகுப்பில் ஆசிரியரும் மாணவரும் எவ்வளவு பேசுகிறார்கள் என்று கணக்கெடுக்கும் ஃபிளாண்டர்ஸ் இடைவினைப் பகுப்பாய்வு எல்லோரும் படித்திருப்பீர்கள். பத்து வகை, அதில் ஏழு ஆசிரியர் பேச்சு, இரண்டு மாணவர் பேச்சு, ஒன்று மௌனம். மூன்று விநாடிக்கு ஒரு முறை குறிக்க வேண்டும். ஐந்து மார்க் கேள்விக்கு நல்ல விஷயம். மாணவர் எவ்வளவு பேசினார்கள் என்று அது சொல்லும், எந்த மாணவர் என்று சொல்லாது. வகுப்பில் உட்கார்ந்து கவனிக்கிறவர்களுக்கு அதைவிட எளிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு தாளில் பெஞ்சுகளைக் கட்டம் கட்டமாக வரையுங்கள். ஆசிரியர் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளையின் கட்டத்தில் ஒரு கோடு. திட்டினால் ஒரு பெருக்கல் குறி. சாக்பீஸ் எடுத்து வா, தண்ணி கொண்டு வா, நோட்டு அடுக்கு என்று வேலை ஏவினால் ஒரு வட்டம். அவ்வளவுதான்.

இதைச் சக பயிற்சி ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளலாம். மதிப்பெண்ணுக்கு இல்லை என்பதால் யாருக்கும் கோபமும் வராது. என் வகுப்பில் வரைந்தவற்றில் அடிக்கடி பார்ப்பது இதுதான்: கோடுகள் முன் இரண்டு பெஞ்சிலும் நடு வழியை ஒட்டியும் குவிந்திருக்கும். பெருக்கல் குறியெல்லாம் பையன்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில். வட்டங்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள் பக்கம். சுவரோரம் ஒரு வரிசைக்கு எந்தக் குறியுமே இருக்காது. திட்டுக்கூட வாங்காமல் முழு பீரியடும் உட்கார்ந்து எழுந்து போயிருப்பார்கள். அந்தச் சுவரோர வரிசை யாரென்று பார்த்துவிட்டுத்தான் மறுநாள் பாடத்தைத் திட்டமிட வேண்டும். கேள்வியைக் குலுக்கல் சீட்டு எடுத்துக் கேட்பது ஒரு வழி. ஆனால் திடீரென்று எழுப்பினால் மிரண்டுபோகிற பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் முதல்நாளே போய், "நாளைக்கு இந்தக் கணக்க உன்னக் கேப்பேன், பாத்துட்டு வா" என்று சொல்லி வைப்பது இன்னும் நல்லது. முன்கூட்டியே சொன்னால் அது பரீட்சை ஆகாதே என்று ஒரு பயிற்சி ஆசிரியர் வாதம் செய்தார். பரீட்சை வைக்க வருஷத்தில் வேறு நாட்கள் நிறைய இருக்கின்றன.

இப்போது கேஸ் ஸ்டடி ரெக்கார்டு, பயிற்சிக் காலத்தில் ஒரு பிள்ளையை எடுத்து ஆராய்ந்து எழுத வேண்டியது. சீனியரிடம் வாங்கி, பெயரை மாற்றி எழுதுவதுதான் பல இடங்களில் வழக்கம். எழுதப்படுவதும் எப்போதும் ஒன்றே: குடும்பச் சூழல் சரியில்லை, பெற்றோருக்கு அக்கறை இல்லை, தந்தைக்குக் குடிப்பழக்கம், தீர்வு, பெற்றோருக்கு ஆலோசனை. எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் தொடக்கத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: ஏழ்மை, அக்கறையின்மை, ஆர்வமின்மை ஆகிய மூன்று சொல்லும் ரெக்கார்டில் எங்கே வந்தாலும் திருப்பி அனுப்புவேன். அதற்குப் பதில் நாலு கேள்வி கொடுத்தார். பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறது, எதில் ஏறி வருகிறது, வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறது, வரும் முன் என்ன சாப்பிட்டது.

நான் எடுத்தது எட்டாம் வகுப்பில் ஒரு பெண். வகுப்பாசிரியர் வைத்திருந்த மெல்லக் கற்போர் பட்டியலில் கணக்குக்கு நேரே அவள் பெயர் இருந்தது. தமிழுக்கு இல்லை, அறிவியலுக்கும் இல்லை. வாரத்தில் பாதி நாள் தாமதம், அதற்குத் தண்டனையாக வெளியே நிற்பாள். நாலு கேள்வியோடு போய் உட்கார்ந்தபோது விஷயம் சீக்கிரமே வந்துவிட்டது. அம்மாவை ஆறு மணிக்கெல்லாம் சவுக்கு வெட்டுக்கு வண்டி வந்து ஏற்றிப் போகும். தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு இவள் வர வேண்டும். அங்கன்வாடிக் கதவு திறப்பதற்கும் எங்கள் பிரேயர் மணிக்கும் நடுவே நேரம் ஒத்துவரவில்லை. அந்த வகுப்புக்கு வாரத்தில் நாலு நாள் முதல் பீரியடு கணக்கு. கணக்கு வராத பெண் என்று பட்டியலில் ஏறியவள், கணக்கு நடக்கும்போது வகுப்பிலேயே இருந்ததில்லை.

பெற்றோருக்கு ஆலோசனை என்று இதில் எழுத என்ன இருக்கிறது? வழிகாட்டி ஆசிரியை டைம் டேபிளைத் தூக்கிக்கொண்டு போய், ஹெச்.எம்.மிடம் பேசி, கைத்தொழில் பீரியடை முன்னுக்குக் கொண்டுவந்து கணக்கை மூன்றாவதுக்குத் தள்ளினார். தாமதத்துக்கு வெளியே நிறுத்துவதும் நின்றது. அரையாண்டுக்குள் அந்தப் பெண் வகுப்பில் முதலாவதாக வந்துவிட்டாள் என்றெல்லாம் கதை விட மாட்டேன். பட்டியலிலிருந்து பெயர் போனது. நம் கையில் இருந்த அளவில் அது பெரிய விஷயம்தான்.

சாப்பாட்டுக் கேள்வியையும் சும்மா விடாதீர்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குத்தான். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு அதுவரை கிடைத்த காலைச் சாப்பாடு நின்றுபோகிறது, அது மதியச் சத்துணவுக்குக் காத்திருக்கிறது. முதல் இரண்டு பீரியடில் தூங்கி வழிகிற ஆறாம் வகுப்பைத் திட்டுவதற்கு முன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது.

சாதி விஷயத்தில் பயிற்சி ஆசிரியர்கள் முதல்நாளே சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. வகுப்போடு பழகுவதற்காக ஒவ்வொருவராக எழுப்பி, பேர் என்ன, எந்த ஊர், அப்பா என்ன வேலை என்று கேட்பது. எங்கள் பக்கம் ஊர் என்று கேட்டால் அடுத்து ஊரா காலனியா என்பதும் வந்துவிடும். நீங்கள் கேட்காவிட்டாலும் பின் பெஞ்சிலிருந்து யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். தெரு பெயர் ஒன்றே போதும், வகுப்பு முழுக்கப் புரிந்துகொள்ளும். பேரும், பிடித்த சாப்பாடோ விளையாட்டோ ஏதாவது ஒன்றும் கேட்டால் போதாதா? மற்றதெல்லாம் தானாகத் தெரிய வரும், தெரியாவிட்டாலும் பாடம் நடத்த முடியும்.

உதவித்தொகைப் படிவம் வரும் சமயம் இன்னும் மோசம். நான் பயிற்சிக்காகப் போன வேறொரு பள்ளியில், வகுப்பு வாசலில் நின்று சாதிப் பிரிவைச் சொல்லி, "அவங்க மட்டும் எழுந்திரிங்க" என்று கணக்கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். எழுந்து நின்ற பிள்ளைகள் யாரும் தலையை நிமிர்த்தவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னவர் கெட்ட மனிதர் இல்லை, தேதி முடிவதற்குள் படிவம் வாங்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. வழிகாட்டி ஆசிரியை இதை வேறு மாதிரிச் செய்வார். விவரமெல்லாம் அலுவலகத்திலேயே இருக்கிறது என்பதால் அங்கிருந்து வருகை எண்களை மட்டும் எழுதி வாங்கிவருவார். நோட்டுத் திருத்திக் கொடுக்கும்போது படிவத்தை உள்ளே மடித்து வைத்துவிடுவார். கூடுதல் வேலை அரை மணி நேரம்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கையில் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கயிறு, நெற்றிப் பொட்டு பற்றிய பரிந்துரைகள்தான் செய்தியில் அதிகம் அடிபட்டன. வகுப்பாசிரியருக்கு உரியவை அதில் வேறு இருக்கின்றன: அகர வரிசையில் உட்கார வைப்பது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இல்லாமல் பார்த்துக்கொள்வது, சாதியைக் குறிப்பிட்டு மாணவரை அழைக்காமல் இருப்பது. இதற்கெல்லாம் அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அகர வரிசையைப் பற்றி மட்டும் ஒரு அனுபவம் சொல்கிறேன். ஜூன் மாதம் உட்கார வைத்தால் ஆகஸ்டுக்குள் பிள்ளைகள் மெதுவாகப் பழைய இடத்துக்கே நகர்ந்துவிடுவார்கள். மாதம் ஒரு தடவை வரிசையை ஒரு பெஞ்சு தள்ளிச் சுழற்றினால்தான் அது நிற்கிறது. குட்டையான பிள்ளை, கண் சரியாகத் தெரியாத பிள்ளை இவர்களுக்கு மட்டும் முன் இடம் நிரந்தரம்.

செலவு பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு முதல் எட்டு வரை, பாடம் நடக்கும்போதே போடும் வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கு 20 மதிப்பெண். நல்ல ஏற்பாடு. ஆனால் செயல்பாடு என்றால் சார்ட், தெர்மாகோல், கலர் பிரிண்ட் என்று ஆகிவிட்டது. யார் வீட்டில் காசு இருக்கிறது, யார் அப்பா டவுனுக்கு வண்டியில் போகிறார் என்பதற்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறோம். பயிற்சி ஆசிரியர்கள் இதில் இன்னும் உற்சாகம், ஏனென்றால் அவர்களுடைய டி.எல்.எம். (கற்பித்தல் துணைப்பொருள்) கண்காட்சிக்கும் அந்த சார்ட்டுகள் உதவும்! என் வகுப்பில் விதி ஒன்று வைத்திருக்கிறேன்: மதிப்பெண் உள்ள எதையும் பள்ளி நேரத்துக்குள், பள்ளியில் இருக்கும் பொருளை வைத்துத்தான் செய்ய வேண்டும். ஒரு அட்டைப் பெட்டியில் பழைய காலண்டர், ஐஸ் குச்சி, நூல், கத்தரிக்கோல். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்த வட்டமும் வட்டம்தான். வீட்டுப்பாடத்துக்கும் இதே பார்வை வேண்டும். "வீட்ல யார்கிட்டயாவது கேட்டுட்டு வா" என்பதும், போனில் அனுப்பியிருக்கிறேன் பார் என்பதும், வீட்டில் படித்தவர் இருக்கிற, போன் பகலிலும் வீட்டிலேயே இருக்கிற பிள்ளைக்கு மட்டுமே கொடுத்த வீட்டுப்பாடம்.

பார்வைக் குறைபாடுள்ள பையன் ஒருவன் எனக்கு அமைந்தபோது சிறப்புப் பயிற்றுநர் ஒரு பீரியடு என் வகுப்பில் உட்கார்ந்துவிட்டுப் போனார். பி.ஆர்.சி. என்கிற வட்டார வள மையத்திலிருந்து வருகிறவர், ஒரே நாளில் பல பள்ளி பார்க்க வேண்டியவர், அதனால் சுருக்கமாகத்தான் சொன்னார்: "நீங்க போர்டுல எழுதறத வாயால சொல்லுங்க." கணக்கு டீச்சர்கள் எப்படிப் பேசுவோம் தெரியுமா? இதை இந்தப் பக்கம் கொண்டுபோனா இது மைனஸ் ஆயிடும், இதுக்கும் இதுக்கும் அடிபட்டுரும், அப்போ இது வந்துரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், ஒன்றும் புரியாது. இரண்டு எக்ஸ் கூட்டல் ஐந்து சமம் பதினொன்று, ஐந்தை வலப்பக்கம் கொண்டுபோனால் கழித்தல் ஐந்து, இரண்டு எக்ஸ் சமம் ஆறு என்று சொன்னால் அவனுக்கும் புரியும், போர்டைப் பார்த்து எழுதுவதில் பின்தங்குகிறவர்களுக்கும் புரியும். வாய் பழக ஒரு மாதம் போலாகும். ஒவ்வொரு திறனாகச் சில நிமிஷம் நடத்திப் பழகும் மைக்ரோ டீச்சிங்கில் தூண்டல் மாற்றம், வினா கேட்கும் திறன் என்று பழகுகிறோமே, அதோடு இதையும் ஒரு திறனாகச் சேர்த்துப் பழகலாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு, குறைபாட்டின் வகையைப் பொறுத்து, சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றும் விண்ணப்பமும் நேரத்தோடு போக வேண்டும். பத்தாம் வகுப்பு ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் பல நேரம் நேரம் தப்பிவிடுகிறது. ஒன்பதிலேயே தொடங்கிவிடுங்கள்.

2014இல் வந்த என்.சி.டி.இ. விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு ஆண்டு, அதில் இரண்டாம் ஆண்டில் பள்ளிப் பயிற்சி மட்டும் 16 வாரம். அத்தனை வாரமும் பாடம் நடத்தக் கிடைக்காது. லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள், எமிஸில் (மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) விவரம் ஏற்று, விழாவுக்குக் கோலம் போடு என்று போகும். எல்லோரும் இதைக் குறையாகச் சொல்வார்கள், நியாயம்தான். ஆனால் லீவு ஆசிரியரின் வகுப்பு பெரும்பாலும் சி பிரிவாகத்தான் இருக்கும். 2012-13இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்த பிறகு, மிச்சம் இருப்பவர்களின் வகுப்பாகப் பல இடங்களில் ஒரு தமிழ் வழிப் பிரிவு ஒதுங்கிவிட்டது. அந்த வகுப்பு கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அங்கே லெசன் பிளான் எதுவும் செல்லாது. சீட்டு முறையும் பெஞ்சு வரைபடமும் செல்லும். எமிஸ் வேலையும் வீண் இல்லை, யார் எந்த மாதம் காணாமல் போகிறார்கள் என்று அதில்தான் தெரியும்.

எங்கள் பக்கம் பொங்கலுக்குப் பிறகு இருளர் பழங்குடிக் குடும்பங்கள் சில செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் கிளம்பிவிடும், பிள்ளைகளும் கூடவே. மழைக்கு முன்பு திரும்பி வரும்போது ஆண்டுத் தேர்வு முடிந்திருக்கும், பெயர் எமிஸில் எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பொதுத் தொகுப்புக்குப் போயிருக்கும். மறுபடி சேர்க்க டி.சி. வேண்டும், அது வேண்டும் இது வேண்டும் என்று யாராவது சொன்னால், டி.சி. இல்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்வதை எடுத்துக் காட்டுங்கள். வயதுச் சான்று இல்லை என்றால் பதினான்காம் பிரிவு. ஆனால் அந்தச் சட்டம் 14 வயதோடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் தொலைந்த பிள்ளைக்கு அது கைகொடுக்காது, நாம்தான் தேடிப் போக வேண்டும்.

இவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் இன்னொரு சுவர். பட்டியல் பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். குடும்பத்தில் ஏற்கெனவே யாரிடமாவது சான்றிதழ் இருந்தால் கொஞ்சம் எளிது. யாரிடமும் இல்லை என்றால் விசாரணை, மறு விசாரணை என்று மாதக்கணக்கில் இழுக்கும். விசாரணைக்கு வரும் நாளில் குடும்பம் சூளையில் இருந்தால் கோப்பு திரும்பிப் போகும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் பதினொன்றாம் வகுப்பு உதவித்தொகைக்குள் கைக்கு வராது. அதனால் எட்டாம் வகுப்பில், ஜூன் ஜூலையில், குடும்பம் ஊரில் இருக்கும்போதே விண்ணப்பத்தைப் போட வைத்துவிடுங்கள். பெற்றோரோடு ஒரு ஆசிரியரும் அலுவலகத்துக்குப் போனால் நாற்காலி போட்டுப் பேசுகிறார்கள். ஒப்புகைச் சீட்டின் நகல் ஒன்றை வகுப்பாசிரியர் கோப்பில் வையுங்கள், வீட்டில் வைத்தால் மழைக்கு நனைந்துவிடும். பயிற்சி முடிந்து போகும்போது அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அடுத்து வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.